வவுத்துக்குப் பயந்து பட்டினி கெடக்காத கண்ணு

கண்ணு,

ஞாயித்துக்கெழம போன்ல பேச்சுவாக்குல சொன்னியே, டெஸ்ட் இருக்கற அன்னைக்கு காலைல ஒன்னும் சாப்பிடறதில்லம்மா, சாப்பிட்டாத்தான பாத்ரூம் வருதுன்னு. அதுல இருந்து எனக்கு அதே வெசனமா இருக்குது. ஹாஸ்டல்ல உன்ற பின்னாடி மத்த புள்ளைங்க போனுக்கு லைன்ல நின்னுட்டு இருந்தாங்க, எதையும் வெவரமா பேச முடியல, அதான் டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட குடுத்து விடறேன். நிதானமா படி.

நீ சொன்னதுல பாதி சரிதான். வவுத்துல சோறு விழுந்ததும் பெருங்கொடல் அசைய ஆரம்பிக்கறது எல்லாத்துக்கும் நடக்கறதுதான், அதுவும் காலைல சாப்பிட்டதும் ஜாஸ்தி. உனக்கு ஐபிஎஸ், அதான் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்ங்கற கொடல் சீக்கு, இருக்கறதால அது வேகமாவும் வலியோடவும் வருது. ஆனா காலைல பட்டினி கெடந்துட்டு மத்தியானம் பசி தாங்காம ரெண்டு வேளை சோத்த ஒன்னா போட்டுட்டு, சாயங்காலம் ஸ்டடி ஹவர்ல வவுறு உப்பி உக்கார முடியலைங்கற பாரு, அது எதுனால வருதுன்னு நெனைக்கற? ஒழுங்கா நேரத்துக்கு கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடறதுதான் இந்த சீக்குக்கு மொதல்ல சொல்றது. அதனால சாப்பாட்ட விடாத, நேரத்த மாத்து. எட்டரைக்கு டெஸ்டுன்னா ஏழு மணிக்கே ரெண்டு இட்லி சாப்பிட்டுரு, வர்றது ஹால்டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டு போயிரும். கேண்டீன்ல சீக்கிரம் குடுக்க சொல்லி அப்பா வார்டன் மேடத்துகிட்ட பேசறேன்னு சொல்லியிருக்காரு.

இன்னொன்னு. ஈரோட்டுல டாக்டர் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொன்ன அன்னைக்கு நீ பஸ்ல கோபி வர்ற வரைக்கும் வாயே தொறக்கல, அப்ப நான் நடிக்கறேன்னு சொல்றாங்களாம்மான்னு வீட்டுக்கு வந்து கேட்ட. அப்படி இல்லவே இல்ல சாமி. ரத்தத்துல சீலியாக்னு கோதுமை ஒத்துக்காத சீக்கு இருக்குதான்னு பாத்தாங்க, மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒன்னு பாத்தாங்க, அதெல்லாம் கொடல்ல புண்ணு, வீக்கம் இருக்குதான்னு பாக்கறதுக்கு. அது இல்லைங்கறது நல்ல சேதி. வலி வேற எடத்துல இருந்து வருது. கொடல்ல இருக்கற நரம்புக்கும் மூளைக்கும் நடுவுல சேதி போயிட்டு வந்துட்டே இருக்கும், உனக்கு அந்த சேதி, கோயில் நோம்பில மைக்செட்ல வால்யூம் ஏத்தி வெச்ச மாதிரி நெம்ப சத்தமா கேக்குது. மத்தவங்களுக்கு தெரியாத அளவு காத்து உனக்கு வலியா தெரியும். டாக்டருங்க இதுக்குன்னு ஒரு கணக்கே வெச்சிருக்காங்க, 2016ல வந்த ரோம் 4னு பேரு, சின்ன வயசுக்காரங்களுக்கு மாசத்துல குறைஞ்சது 4 நாளாவது வவுத்து வலி, 2 மாசத்துக்கு கொறையாம, அது வெளிய போறதோட சேந்து, இல்ல எத்தன தடவ போறோம், எப்படி போகுதுங்கறது மாறி வந்தா, வேற காரணமும் இல்லைன்னா ஐபிஎஸ்னு சொல்லலாம். இப்படி கணக்கு வெச்சு பாக்கற சீக்க யாராவது நடிப்புன்னு சொன்னா அவங்க பேச்ச காதுல போடாத.

இப்ப நோட்டு விசயம். லீவுல நம்ம எழுதுனத நீ அங்க போய் நிறுத்திட்டன்னு நெனைக்கறேன். அத திரும்ப ஆரம்பி. என்ன சாப்பிட்ட, எவ்வளவு, எத்தன மணிக்கு, ராத்திரி தூங்கினியா, அன்னைக்கு டெஸ்ட் இருந்துச்சா, பீரியட்ஸ் தேதி, எப்ப வலிச்சுது, அவ்வளவுதான், நாலு வார்த்தை போதும். பீரியட்ஸ் டயத்துல கர்ப்பப்பை சுருங்கறதுக்கு சுரக்கறதே கொடலையும் சுருங்க வெக்கும், அந்த ரெண்டு மூணு நாள் வந்த வலிக்கு சாப்பாட்டு மேல பழி போடக்கூடாது, அதுக்குத்தான் தேதி எழுத சொல்றேன்.

அதே மாதிரி கடைசியா சாப்பிட்டது மேலயே சந்தேகப்படாத. பூண்டு, சின்ன வெங்காயம், கோதுமை, பருப்பு, சுண்டல் இதுல எல்லாம் சிறுங்கொடல்ல செரிக்காத ஒரு வகை சர்க்கரை இருக்குது, அது பெருங்கொடலுக்கு எறங்கி அங்க இருக்கற கிருமி அத புளிக்க வெச்சு காத்தாக்கறதுக்கு மணிக்கணக்குல ஆகும். சாயங்காலம் பிஸ்கட் தின்னதும் வலிச்சுதுன்னு நீ பிஸ்கட்ட விட்ட, ஆனா அன்னைக்கு மத்தியானம் மெஸ்ல கொண்டக்கடலை குருமாவும் பரோட்டாவும்னு நீயே சொன்ன. பாரியூர் நோம்பில ரோட்டுக்கடை காளான் தின்னுட்டு பட்டியே, அதுல காளான விட முட்டைக்கோசும் மைதாவும் எண்ணையும்தான் ஜாஸ்தி, கூட வெங்காயம் வேற. அத மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுரு கண்ணு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இந்த மாதிரி சர்க்கரைங்களுக்கு ஃபாட்மேப்னு பேரு வெச்சு, ஆஸ்திரேலியால மொனாஷ் யுனிவர்சிட்டில ஒரு சாப்பாட்டு முறை கண்டுபுடிச்சாங்க. நீ நெட்ல பாத்துட்டு அந்த லிஸ்ட்ல இருக்கறது எல்லாத்தையும் விடறேன்னு நின்ன. டாக்டர் ஏன் வேண்டாம்னாருன்னா, அது 2ல இருந்து 6 வாரம் மட்டும் நிறுத்தி பாத்துட்டு, அப்புறம் ஒன்னொன்னா திரும்ப சேத்து, உனக்கு எது ஆகுது எவ்வளவு ஆகுதுன்னு கண்டுபுடிக்கற முறை. வாழ்க்கை பூரா விடறது இல்ல. வளர்ற வயசுல டயட்டீசியன் பக்கத்துல இல்லாம அத பூராவும் பண்ணா ஒடம்புல சத்து போயிரும். நமக்கு ஒன்னு ஒன்னா போதும்.

மொதல்ல பால். காலைல காபி, ராத்திரி படுக்கறப்ப ஒரு டம்ளர் பால்னு மெஸ்ல குடுக்கறாங்கல்ல, ரெண்டு வாரம் அத மட்டும் நிறுத்து. தயிர், மோர் நிறுத்த வேண்டாம், ஒறையும்போதே பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரைல கொஞ்சம் கொறைஞ்சுரும். ரெண்டு வாரத்துல வித்தியாசமே இல்லைன்னா பால திரும்ப குடி, சும்மா பயத்துக்கு விட்டு வெக்காத. அதுக்கப்புறம்தான் அடுத்தது. ராத்திரி தூக்கம் வராம இருக்க சுகர் ஃப்ரீ சூயிங்கம் மெல்லறேன்னியே, அத இன்னைக்கே தூக்கி போட்டுரு, அதுல இனிப்புக்கு போடற சார்பிட்டால் நல்ல வவுத்தையே கலக்கும்.

அரிசிம்பருப்பு இனிமே ஆகாதான்னு கேட்ட. அதெப்படி ஆகாம போகும்? லீவுல நீ ஒரு கரண்டி தின்ன அன்னைக்கு ஒன்னும் பண்ணல, மூணு தட்டு தின்ன அன்னைக்குத்தான் பண்ணுச்சு. அளவுதான் கணக்கு. இனி வீட்டுல பருப்ப ஊற வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு போடறேன், பூண்ட எண்ணைல வறுத்து எடுத்துட்டு அந்த எண்ணைல தாளிக்கறேன், அந்த சர்க்கரை தண்ணில கரையும், எண்ணைல கரையாது, வாசம் மட்டும் எறங்கும். செஞ்சு பாத்துட்டேன், உங்கப்பாவுக்கு வித்தியாசமே தெரியல.

டெஸ்டுக்கு முன்னாடி சோறு எறங்காம மேல நிக்கற மாதிரியும், அதே நேரம் அடிவவுத்த கலக்கற மாதிரியும் இருக்குதுன்னியே, அது ரெண்டும் சேந்துதான் வரும். பயந்தா இரைப்பை மெதுவாகும், பெருங்கொடல் வேகமாகும், ஒடம்போட வேலையே அப்படி. அன்னைக்கு கை வவுத்து மேல வெச்சு, வவுறு மேல வர்ற மாதிரி மெதுவா மூச்சிழுத்து விடு, அஞ்சு நிமிசம். அந்த கவுன்சிலர் மேடம் சொன்னதுதான், அவங்க சொன்ன பயிற்சிய விடாத.

அப்பத்தா, லீவுக்கு வந்தா வெளக்கெண்ண குடுத்து பேதிக்கு போக சொல்லலாம், கொடல் சுத்தமாயிரும்ங்கறாங்க. பாசத்துல சொல்றாங்க, ஆனா நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே ஓடற வவுத்த இன்னும் ஓட்டறது எதுக்கு. நீயா கடைல எந்த மாத்திரையும் வாங்கி போடாத. தவிட்டு பிஸ்கட்டும் வேண்டாம், அது சில பேருக்கு உப்புசத்த ஏத்தும். டாக்டர் சொன்ன இசப்கோல் நார்ப்பொடி மட்டும், அவர் சொன்ன அளவுல, நெறைய தண்ணியோட.

ஆனா ரத்தம் போனாலோ, ராத்திரி தூக்கத்துல இருந்து வலி எழுப்பி விட்டாலோ, காச்சல், விடாத வாந்தி, ஒடம்பு எளைச்சாலோ, நோட்டுல எழுதிட்டு ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்காத. அது ஐபிஎஸ் பண்றதில்ல. அந்த நிமிசமே மேடத்துகிட்ட சொல்லி போன் பண்ண சொல்லு, எத்தன மணியானாலும் நாங்க திருச்செங்கோடு வந்துருவோம்.

கிளாஸ்ல கைய தூக்கி கேட்க கூச்சமா இருக்குதுன்னு அடக்கிட்டு உக்காராத. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கியாச்சு, கேக்காமலே எந்திரிச்சு போகலாம்னு, பரிட்சை ஹாலுக்கும் சேத்து. அப்பா பிரின்சிபால்கிட்ட ஒரு காப்பி குடுப்பாரு, ஒன்னு உன்ற பைல வெச்சுக்க, கதவு பக்கத்து பெஞ்சு வேணும்னும் கேக்க சொல்லியிருக்கறேன்.

வர்ற ஞாயித்துக்கெழம போன் பண்றப்ப நோட்ட கைல வெச்சுட்டு பண்ணு, காலைல ஏழு மணிக்கு சாப்பிட்டு பாத்தியா, எப்படி இருந்துச்சுன்னு மொதல்ல அத சொல்லு. மார்க்கெல்லாம் அப்புறம் பேசலாம்.

அம்மா