மங்களூர் அஷுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அஷு,

என்னைவிட நீ கிட்டத்தட்ட 900 வருஷம் மூத்தவள். மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை என்னவோ 'நீ' என்றே எழுதுகிறது, பொறுத்துக்கொள்.

உன் பெயர் உள்ள தாள் இப்போது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. 1132 அக்டோபர் 17, மங்களூர். துனீசியாவிலிருந்து வந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜூ, அடிமையாக இருந்த உன்னை விடுதலை செய்து எழுதிய பத்திரம் அது. கடவுள் பெயர் இருக்கக்கூடிய தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். பழைய கெய்ரோவில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் அறை ஒன்றில் அப்படிச் சேர்ந்த தாள்களோடு கடன் சீட்டும் கல்யாண ஒப்பந்தமும் உன் பத்திரமும்கூடப் போய் விழுந்தன. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு அள்ளிக்கொண்டு போனதே ஒரு லட்சத்து 90 ஆயிரம் துண்டுகளுக்கு மேல்.

உன் வீட்டுக்காரரைப் பற்றி நிறையத் தெரிகிறது. ஏமன் துறைமுகமான ஏடனில் இருந்த நண்பர்கள் அனுப்பும் உடைந்த பாத்திரங்களைத் தன் பட்டறையில் உருக்கிப் புதிதாக வார்த்து அனுப்புவார். இங்கிருந்து மிளகும் பாக்கும் போகும். அங்கிருந்து சர்க்கரை, உலர்திராட்சை, எழுதத் தாள் வரும். வந்த கடிதத்தின் பின்பக்கத்தைக்கூட விடாமல் கணக்கெழுதுகிற மனுஷர். அப்படி ஒரு குறிப்பில், 'நாயர்' என்ற மைத்துனருக்குக் கொஞ்சம் பணம் பாக்கி என்றிருக்கிறது. உன் அண்ணனோ, தம்பியோ. உன் பிறந்த வீட்டின் தடயம் என்று பார்த்தால் அந்தப் பாக்கிதான்.

பத்திரத்தில் உனக்குப் புதுப் பெயர்: பெராகா, அதாவது ஆசீர்வாதம். விடுதலையான அடிமை யூதராகிவிடுவார். அப்படி உள்ளே வந்தவர்களுக்குத் தகப்பன் பெயராக 'நம் தந்தை ஆபிரகாம்' என்று எழுதுவது வழக்கம். உன்னை வைத்திருந்தவர் பெயரும் ஆபிரகாம்! வம்சாவளி தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்கு மேலே கோடு போக வழியில்லை.

யூதச் சட்டத்தில் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதனால் பத்திரம் உனக்காகவா, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகவா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிள்ளைகளுக்காக என்றுதான் தோன்றுகிறது.

1149ல் அவர் பிள்ளைகளோடு ஏடனுக்குத் திரும்பினார். நண்பர்கள் பிள்ளைகளை நலம் விசாரித்து எழுதினார்கள். உன்னை ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

உன் மகள் சித்-அல்-தார், 1156ல் புஸ்டாட்டில், அதாவது அதே பழைய கெய்ரோவில், தன் பெரியப்பா-சித்தப்பா வழிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பெயர் பெராஹியா. அவளுடைய சீர்ப் பட்டியலும் அந்தத் தாள்களில் கிடைத்திருக்கிறது. மங்களூரில் உன் கைபட்ட செம்பு ஒன்றாவது அதில் ஏறியிருக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.