பால் குறைவில்லை மங்கை, பிள்ளைக்குத்தான் களைப்பு

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மங்கைக்கு,

வருசப்பிறப்புக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. அந்தக் கோபத்தை நேரில் வந்து காட்டு. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ராணி அக்கா பழைய ராணி அக்காதான். மற்றதெல்லாம் பிறகு. இன்று தெகிவளைக்குப் போய் உன் மகள் தர்ஷியையும் பேத்தியையும் பார்த்தேன். ரெலிபோனில் நான் ஒரு வசனம் முடிக்கமுதல் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், பத்தாவதில் அழுதுவிடுவாய். அதனால்தான் எழுதி, நாளைக்குப் பஸ்ஸில் வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். யாழ்தேவி ரயிலில் இருந்தபடி இரண்டு தரம் வாசித்துக்கொண்டு வா.

முதலில் பயத்தை இறக்கிவை. வெள்ளிக்கிழமை டொக்டர் பிள்ளையை முழுக்கப் பார்த்திருக்கிறார். சலப் பரிசோதனை சுத்தம், இருதயம் சரி, மஞ்சள் இறங்கிவிட்டது. காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே சலத்தில் கிருமி இருந்து நிறையை ஏறவிடாமல் வைத்திருக்கும். பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால் இருதயத்தைச் சந்தேகிக்கவேண்டும். அதனால்தான் இவற்றை முதலில் பார்த்தார்கள். நாக்கின் கீழே நாக்கை இழுத்துப்பிடிக்கும் கட்டும் இல்லை, உதட்டுக்கு வெளியே வடிவாக நாக்கை நீட்டுகிறாள்.

இனிக் கணக்கு. 37 கிழமையில் பிறந்தவள், 2.3 கிலோ. மூன்றாம் நாள் 2.13. முதல் நாட்களில் 7 வீதம் அளவில் குறைவது வழமை, 10 வீதத்தைத் தொட்டால்தான் யோசிக்கவேண்டும். 14ஆம் நாளுக்குள் பிறந்த நிறையைத் திரும்பப் பிடித்திருக்கவேண்டும். இவள் அன்றைக்கு 2.28இல் நின்றாள். 25ஆம் நாள் 2.39. பதினொரு நாளில் 110 கிராம், அதாவது நாளுக்குப் பத்து. இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறவேண்டும். வளர்கிறாள், ஆனால் பாதி வேகத்தில்.

‘இரண்டு நாளில் நூறு கிராம் இறங்கிப்போச்சு’ என்று நீ அழுதாயே, அது தராசு செய்த வேலை. ஒரு நாள் கிளினிக்கின் டிஜிட்டல் தராசு, மற்ற நாள் யாரோ கொண்டுவந்த தொங்குதராசு. தொங்குதராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 100 கிராம். அதில் இவ்வளவு சின்னப் பிள்ளையின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவே ஏலாது. ஒரே தராசு, உடுப்பில்லாமல், பம்பஸும் கழற்றி, பால் கொடுக்க முதல். மூன்று நாலு நாளுக்கு ஒருதரம் போதும். தினமும் நிறுத்தால் தர்ஷிக்கு நித்திரையும் போய்விடும். பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கும் இளஞ்சிவப்புக் கொப்பியில் குடும்பநல மாது குறிக்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார், ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அழாதே.

இப்போது நான் சண்டை பிடிக்கப்போகிற இடம். ‘தர்ஷிக்குப் பால் இல்லை, வாறதும் தண்ணியாக வருது’ என்று நீ முடிவுகட்டியது பிழை. கையால் பீச்சிப் பார்த்தோம், தாரையாக வந்தது. எல்லாத் தாய்க்கும் முதலில் வருவது நீலம் பாய்ந்த மெல்லிய பால்தான். மார்பு வெறுமையாக வெறுமையாகத்தான் கொழுப்புக் கூடும். உன் பேத்தி அந்தக் கொழுப்பு வரும் இடத்துக்குப் போகமுதல் நித்திரையாகிவிடுகிறாள். அவ்வளவுதான் விசயம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தொப்பி, கையுறை, காலுறை, அதற்கு மேல் ஒரு துவாய். கொழும்பு வெயிலில் அந்தப் போர்வைக்குள் யாருக்குத்தான் நித்திரை வராது? நுனிக்காம்பை மட்டும் பிடித்து ஐந்து நிமிடம் சூப்பினாள், கண் சொருகிவிட்டது. காம்பு வெளியே வந்தபோது ஒரு பக்கம் சப்பையாக, லிப்ஸ்ரிக் முனை மாதிரி இருந்தது. அது பிடி பிழை என்பதற்கு அடையாளம். பிறகு ஏணையில் போட்டு நாலு மணித்தியாலம், இரவில் ஆறு. ‘நல்ல பிள்ளை, அழவே மாட்டாள்’ என்று எல்லோரும் சந்தோசப்படுகிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளை அழாமல் நித்திரை கொள்வதைக் கெட்டித்தனமாக எடுக்கக்கூடாது, மங்கை. அழுவதற்கே சக்தி இல்லாமல் சேமித்துவைக்கிறாள். பசித்தால் கேட்பாள் என்று இந்த நிறையில் காத்திருக்கக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. மார்பில் பால் தேங்கிநின்றால் ‘போதும், குறை’ என்று உடம்புக்குச் செய்தி போகும். குடிக்காத பிள்ளையும் வெறுமையாகாத மார்பும் சேர்ந்து இரண்டு மூன்று கிழமையில் பாலை உண்மையிலேயே குறைத்துவிடும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு வேலை: பிள்ளைக்குப் பால் உள்ளே போகவேண்டும், மார்பு வெறுமையாகவேண்டும்.

செய்யச் சொல்லிவிட்டு வந்தது இதுதான். நீ வந்ததும் அப்படியே பிடித்துக்கொள். ஒரு தரம் பால் கொடுக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணி இரண்டு மணித்தியாலத்தில், கூடினால் இரண்டரையில், பிள்ளையை எடுக்கவேண்டும். இரவில் ஒரு தரம் மட்டும் மூன்று மணித்தியாலம் விடலாம், அதற்கு மேல் இல்லை. 24 மணித்தியாலத்தில் பத்துத் தரம் என்று வை, எட்டுக்குக் கீழே போகவேகூடாது. இரவுப் பாலை விடவேண்டாம், பாலைச் சுரக்கவைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூட. எழுப்புவதற்கு முகத்தில் தண்ணீர் தெளிக்காதே. பம்பஸோடு மட்டும் விட்டு, தாயின் வெறும் நெஞ்சில் கிடத்தினால் போதும். பத்து நிமிடத்தில் தலையை ஆட்டித் தேடுவாள்.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதுகிறேன், இதில்தான் பாதி நிறை இருக்கிறது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டவேண்டும், கழுத்துத் திரும்பக்கூடாது. காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேரே. மேலுதட்டில் தட்டி, கொட்டாவி மாதிரி வாய் பெரிதாகத் திறக்கும்வரை பொறு. திறந்த கணத்தில் நாடி, அதாவது முகவாய், முதலில் மார்பில் படும்படி பிள்ளையைக் கொண்டுவரவேண்டும், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக்கூடாது. சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேலே கூடவும் கீழே குறையவும் தெரியும், தாய்க்கு நோவு இருக்காது. பின்தலையைப் பிடித்து அமுக்காதே, பிள்ளை எதிர்த்துத் தள்ளும். கழுத்தடியையும் தோளையும் ஏந்து.

சூப்புவதையும் விழுங்குவதையும் பிரித்துப் பார்க்கப் பழகு. நாடி ஆழமாக இறங்கி ஒரு நொடி நின்று எழும்பினால் விழுங்குகிறாள், மெல்லிய ‘க’ சத்தம் கேட்கும். நாடி படபடவென்று துடிப்பது சும்மா சூப்பல். விழுங்கல் நிற்கும்போது தர்ஷி மார்பை நெஞ்சுப் பக்கத்திலிருந்து முழுக்கையால் அணைத்து அமுக்கி, அப்படியே பிடித்திருக்கவேண்டும். பால் பாயும், பிள்ளை திரும்ப விழுங்கும். நின்றால் கையை விட்டு இடம் மாற்றி அமுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மற்றப் பக்கம், பிறகு திரும்ப முதல் பக்கம். எல்லாம் சேர்த்து 30 நிமிடம். அதற்கு மேல் மார்பில் வைத்திருந்தால் குடிப்பதைவிடச் செலவழிப்பது கூடிவிடும்.

அதன்பிறகு மேலதிகப் பால், தர்ஷியின் பால்தான். நிறைக்கு ஒரு கிலோவுக்கு நாளுக்கு 150 மில்லிலீற்றர் என்று பார்த்தால் இவளுக்கு மொத்தம் 360 அளவில் வேண்டும், பத்துத் தரத்துக்குப் பிரித்தால் ஒரு தரத்துக்கு 36. நேரடியாகப் பாதிக்கு மேல் குடிக்கிறாள் என்று வைத்து, ஒவ்வொரு தரமும் 15 மில்லிலீற்றர் கோப்பையால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை நிறையைப் பார்த்து அளவு மாறும். சூப்பிப்போத்தல் வேண்டாம், சூப்பியையும் ஒளித்துவை. பசியோடு வெறும் றப்பரைச் சூப்பிக் களைக்கிற வசதி இவளுக்கு இல்லை. அவித்த சின்னக் கோப்பை, இல்லாவிட்டால் உன் பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளிச் சங்கு. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டில் முட்டும் அளவுக்கு மட்டும் சரி. வாய்க்குள் ஊற்றாதே, புரையேறும். நாக்கால் தானே நக்கி எடுப்பாள். நீயோ மருமகனோ கோப்பையைப் பிடிக்கும் நேரத்தில் தர்ஷி அடுத்த தரத்துக்குப் பீச்சலாம். அப்படிப் பிரித்துச் செய்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடியும், மிச்ச நேரம் அவள் படுக்கவேண்டும்.

பீச்சும் முறை: கை கழுவி, காம்பிலிருந்து இரண்டு விரற்கடை பின்னே பெருவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கவேண்டும். தோலில் வழுக்கி இழுத்தால் நோவுதான் மிச்சம். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மாற்றி மாற்றி கால் மணித்தியாலம். முதல் நாள் கோப்பையின் அடி மட்டும் நனைந்தாலும் மனம் விடவேண்டாம், இரண்டு மூன்று நாளில் கூடும். இந்த வெக்கையில் வெளியே நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதே. பிறிட்ஜில் என்றால் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளிவை. சூடாக்க, இளஞ்சுடுதண்ணீரில் கோப்பையை இறக்கினால் போதும், அடுப்பில் வைக்காதே. மேலே படியும் ஆடைதான் இவளுக்கு வேண்டிய கொழுப்பு. அதை வழித்து எறியாமல் மெதுவாகச் சுழற்றிக் கலக்கு.

இனி உன் பெட்டி. சரக்குத்தூள் கொண்டுவா, பால்சுறா கிடைத்தால் ஐஸில் போட்டுக் கொண்டுவா, முருங்கையிலை இங்கேயே வாங்கலாம். தர்ஷி வடிவாகச் சாப்பிடவேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும், கிளினிக்கில் தரும் திரிபோசாச் சத்துமாவை அவளே சாப்பிடவேண்டும், மருமகன் உருண்டை பிடித்து விழுங்க விடாதே. ஆனால் சுறாப்புட்டு எவ்வளவு சாப்பிட்டாலும் மார்பு வெறுமையாகாவிட்டால் பால் கூடாது, இதை மனதில் வை. வசம்பு, உரைமருந்து, ரத்தகல்கம், கொத்தமல்லித் தண்ணி, சீனித் தண்ணி ஒன்றும் வேண்டாம். நாலு கரண்டித் தண்ணி நாலு கரண்டிப் பாலின் இடத்தைப் பிடித்துவிடும், அதில் நிறை ஏற ஒன்றும் இல்லை. தேன் நாக்கில் தொட்டும் வைக்காதே. ஒரு வயதுவரை அது நஞ்சு மாதிரி, அதிலுள்ள கிருமி வித்து பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர்த்திவிடும். தர்ஷி தடிமனுக்குக் கடையில் குளிசை வாங்கப்போனால் பால் கொடுப்பதைச் சொல்லி வாங்கவேண்டும், மூக்கடைப்புக் குளிசை சிலது பாலை வற்றவைக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் டொக்டரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

நீ வாங்கிவைத்திருக்கும் பால்மாப் பேணியைப் பற்றியும் சொல்கிறேன். அதை விசம் என்று நான் சொல்லமாட்டேன். பீச்சியும் போதாமல், வியாழக்கிழமையும் நிறை ஏறாவிட்டால் டொக்டரே அளந்து கொடுக்கச் சொல்லலாம். பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது, அதுதான் முதல் சட்டம். அப்போதும் மார்புக்குப் பிறகு, கோப்பையால், பேணியில் போட்ட அளவுக்கு ஒரு கரண்டி கூடவோ குறையவோ இல்லாமல். தண்ணீரைக் கூட்டிப் பேணியை நீட்டுவது பெரிய கொடுமை. ஆனால் நீயாகத் திறந்து மூன்று தரம் வயிறு முட்டக் கொடுத்தால் பிள்ளை மூன்று தரம் மார்புக்கு வராது, தர்ஷியின் பால் அந்த மூன்று தரத்துக்குக் குறையும், அடுத்த கிழமை ஐந்து தரம் கேட்கும். பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டு.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று தராசுக்கு முதலே பம்பஸ் சொல்லும். நாளுக்கு ஆறு தரமாவது கனமாக நனையவேண்டும், சலம் நிறமில்லாமல் இருக்கவேண்டும், மஞ்சளாக மூன்று நாலு தரம் வெளிக்குப் போகவேண்டும். ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் குறி, பரிமளம் ரீச்சரின் வரவு இடாப்பு மாதிரி. சலம் கடும் மஞ்சளாகக் குறைந்தாலோ, அடுத்தடுத்து இரண்டு தரம் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழும்பாமல் துவண்டாலோ, 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு குளிர்ந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதே. நேரே பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

நாளுக்கு 20 கிராம் ஏறத் தொடங்கி ஒரு கிழமை நின்றால் கோப்பைப் பாலை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு தரமும் ஐந்து மில்லிலீற்றர் குறைத்து, நாலு நாள் பார்த்து, பிறகு அடுத்த ஐந்து. பிள்ளைக்குப் பலம் வர வர அவளே மார்பில் மிச்சத்தை எடுத்துக்கொள்வாள்.

மங்கை, இன்னொன்று, இதைக் கோபிக்காமல் வாசி. நீ ரெலிபோனை வைத்த பிறகு தர்ஷி அழுதிருக்கிறாள். ‘என்ரை பால் சரியில்லை எண்டு அம்மாவே சொல்லுறா’ என்றாள். நோவும் கவலையும் பால் இறங்குவதைத் தடுக்கும், இருக்கிற பாலும் காம்புக்கு வராது. வந்ததும் பிள்ளையைத் தூக்கமுதல் அவளைக் கட்டிப்பிடி. பிறகு சமையலறையையும் உடுப்புத் தோய்ப்பதையும் எடுத்துக்கொள், 31ஆம் நாள் துடக்குக்கழிவுக்கு வரும் சனத்தை வாசலில் நின்று கதைத்து அனுப்பு.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நிறுவை. புதன்கிழமை ரயிலை விட்டுவிடாதே. கோட்டையில் தம்பி நிற்பான். வெள்ளிச் சங்கை மறக்காமல் எடுத்து, புளிபோட்டு மினுக்கிக் கொண்டுவா. இங்கே அவித்துக்கொள்வோம்.

அன்புடன்
சரோ