நிபுணர் சொன்னால் போதுமா? குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதிபதிகளுக்கு,

வணக்கம். நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை நீங்கள் எளிதில் நம்பிவிடுவதில்லை. வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம், முன்விரோதம் உண்டா என்றெல்லாம் துருவுகிறீர்கள். ஆனால் தடயவியல் நிபுணர் கூண்டில் ஏறி, "இது இவருடைய கைரேகைதான்" என்றதும் கேள்விகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

2004 மார்ச்சில் ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பையில் கிடைத்த கைரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்றது அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ. ஒரு நிபுணர் சொன்னதை அடுத்தடுத்த நிபுணர்களும் உறுதி செய்தார்கள். ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று சொல்லியும் அவரைப் பிடித்து இரண்டு வாரம் காவலில் வைத்தார்கள். அவர் தரப்புக்காக நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ரேகை அவருடையதுதான் என்றார். கடைசியில் அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது.

அத்தனை பேரும் திறமைசாலிகள். யாரும் பொய் சொல்லவில்லை. பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது இதுதான்: இரண்டு ரேகைகளுக்கும் நிஜமாகவே நிறைய ஒற்றுமை இருந்தது. அதைக் கண்டதும், வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்துப் பார்த்து, பையிலிருந்த மங்கலான ரேகையிலும் அதே கோடுகள் இருப்பதாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட மாதிரி.

இது ஒரே ஒரு சறுக்கல் என்று தள்ள முடியாது. இதீல் ட்ரோர் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து கைரேகை நிபுணர்களுக்கு, முன்பு அவர்களே 'பொருந்துகிறது' என்று சொன்ன ரேகைகளைத் திரும்பக் கொடுத்தார்கள். இது மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ரேகை என்று மட்டும் பொய்யாகச் சொல்லிவைத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த செய்திதான் மாறியது.

முடி ஒப்பீட்டின் கதை இன்னும் மோசம். மைக்ராஸ்கோப்பில் முடியை ஒப்பிட்டுச் சாட்சி சொன்ன எஃப்பிஐ நிபுணர்கள் 28 பேரில் 26 பேர், அறிவியல் தாங்காத அளவுக்கு மிகைப்படுத்திப் பேசியிருந்ததை 2015இல் அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. அந்த வழக்குகளில் மரண தண்டனை பெற்றவர்களும் உண்டு.

சரி, தடயவியலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்த பலரை டிஎன்ஏ சோதனைதான் மீட்டது. அதற்கும் எல்லை உண்டு. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த டிஎன்ஏவை நம்பி, இல்லாத ஒரு பெண் குற்றவாளியை ஜெர்மானிய போலீஸ் 2009 வரை தேடியது.

'நூறு சதவீதம் உறுதி' என்று ஒரு நிபுணர் சொன்னால், இந்த முறை எத்தனை தடவைக்கு ஒரு தடவை தவறுகிறது, அதை யார் சோதித்தார்கள் என்று நீங்களே கேளுங்கள். வழக்கறிஞர் கேட்கட்டும் என்று விடாதீர்கள். வசதியில்லாதவரின் வழக்கறிஞருக்கு அதற்கான பயிற்சியோ நேரமோ இருக்காது.

அப்புறம் இன்னொன்று. தடயத்தோடு ஆய்வுக்கூடத்துக்குப் போன போலீஸ் கடிதத்தையும் வரவழைத்துப் படியுங்கள். சந்தேக நபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றோ, இவர்மேல் பழைய வழக்குகள் உண்டு என்றோ அதில் எழுதியிருந்தால், அந்த விவரம் எதுவும் தெரியாத வேறொரு நிபுணரிடம் தடயத்தைத் திரும்ப அனுப்புங்கள். அவருடைய முடிவு வரும்வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்