விரிப்பு கோணலாத்தான் இருக்கும், அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கோல் வீட்டுக்குக் குடிபோன அன்று நான் வெறுங்கையோடு வந்து நின்றேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பரிசு அப்போது மிஷினில் பாதியில் கிடந்தது. இந்த ஞாயிறு கொண்டுவருகிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இல்லையென்றால் பிரித்த கையோடு இஞ்ச் டேப்பைத் தேடுவீர்கள்.

துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த மேசை விரிப்பு. 72 அங்குல நீளம், 14 அங்குல அகலம். உங்கள் மேசை 60 அங்குலம் என்பதால் இரண்டு பக்கமும் 6 அங்குலம் தொங்கும். அளந்தது அதோடு சரி. பேப்பர் கட்டிங் இல்லை, சாக்குக்கட்டிக் கோடு இல்லை. இரண்டு துணியின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, இரண்டும் நல்ல பக்கம் மேலே பார்க்க, ரோட்டரி கட்டரை, அதுதான் அந்த உருளும் வட்டக் கத்தியை, ஆற்றுப்போக்கில் ஓட்டிவிடுவேன். விழுந்த சீவலை எடுத்துப் போட்டால் இரண்டு ஓரமும் ஒரே வளைவு. அதைச் சேர்த்துத் தைத்து, அயர்ன் பண்ணி, பக்கத்தில் எந்தத் துண்டு நிற்கும் என்று அப்புறம்தான் பார்ப்பேன். ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பதை மட்டும் மாற்றவில்லை. அது நீங்கள் என் விரலைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது.

துணி எதுவும் புதிதாக வாங்கவில்லை. தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல்காரர் தந்த வெட்டுத்துணி, என் பழைய சிவப்புச் சுங்குடி (சாயம் விடும் என்று மூன்று தண்ணீர் அலசியாகிவிட்டது), அப்புறம் நீங்கள் தரை துடைக்க ஒதுக்கிப் போட்ட அண்ணனின் நீல வேலைச் சட்டை. கப்பல் பட்டறையில் போட்டது. பையின் மடிப்புக்குள் மட்டும் வெளுக்காத நீலம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. அதை நட்டநடுவில் வைத்திருக்கிறேன்.

நடுவில் இன்னொன்றும் இருக்கிறது: குறுக்கே ஓடும் கடுகு மஞ்சள் பட்டை. அழகுக்காக என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். நீளப் பட்டைகளையெல்லாம் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனேன். தையல் இழுத்து, மொத்தமும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. ஒன்றை இந்த முனையிலிருந்து, அடுத்ததை அந்த முனையிலிருந்து தைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். பிரித்துத் தைக்கப் பொறுமையில்லை. நடுவில் சரக்கென்று வெட்டி, ஆப்பு மாதிரி மஞ்சளைச் செருகி நிமிர்த்திவிட்டேன்.

உங்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டி, மனம்போன போக்கில் ஒட்டுப்போர்வை தைத்தவர்கள். 2002ல் அவற்றை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். 2006ல் தபால்தலையாகவும் வந்தன. கோணலுக்கு அங்கே அவ்வளவு மரியாதை!

பின்பக்க மூலையைப் புரட்டிப் பாருங்கள். 1942ல், ஜப்பானியர் காலத்தில், நம் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள் ஒவ்வொன்றும் 66 சதுரங்கள் கொண்ட விரிப்புகள் தைத்தார்கள். அவரவர் சதுரத்தில் அவரவர் பெயர். வேறு முகாமில் கிடந்த கணவர் பார்த்தால் ஆள் உயிரோடு இருப்பது தெரியுமே என்று. நீங்கள் எத்தனை கல்யாண ரவிக்கை தைத்திருப்பீர்கள், ஒன்றிலாவது உங்கள் பெயர் உண்டா? இதில் என் பெயருக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதன்மேல் பிளாஸ்டிக் விரிக்காதீர்கள். அலமாரியிலும் பூட்டாதீர்கள், உள்ளே வைத்திருப்பது பருத்திப் பஞ்சு, இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பூசணம் பிடித்துவிடும். கொதிக்கும் சட்டிக்கு அடியில் மட்டும் பலகை வையுங்கள். குழம்பு சிந்தினால் சிந்தட்டும். சோப்புப் போட்டு அலசி, வெயிலில் கழியில் போட்டால் மஞ்சள் கறை தானாக வெளிறிவிடும். முதல் தடவை துவைத்ததும் கொஞ்சம் சுருங்கிச் சுருக்கம் விழும். அயர்ன் பெட்டியை எடுக்காதீர்கள்.

ஞாயிறு மீன்குழம்புதானே?

உங்கள் நாத்தனார்