புனோம் பென்னிலிருந்து பட்டாமணியத்துக்கு

அன்புள்ள பட்டாமணியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. உன் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறென்ன இருக்கிறது? பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இங்கே நான் சௌக்கியம். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஓய்வு கொடுத்துவிட்டு, "வாரத்தில் பாதி நாள் வந்து போங்கள்" என்கிறார்கள். மீதி நாளில் ஒரு சிறிய சட்ட உதவிக் குழுவோடு சுற்றுகிறேன்.

நம் செட் ஆட்கள் பணம் சேர்த்திருப்பதாகவும், நான் சொன்ன கெமர் குரோம் குடும்பங்களுக்கு அரிசியும் துணிமணியும் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: "கெமர்களின் நாடான கம்போடியாவில் கெமர் ஜனங்களுக்கே அடையாள அட்டை இல்லாமல் எப்படிப் போகும்?" முப்பது வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், பணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த ஜனங்களின் பூர்வீகம் இப்போதைய வியட்நாமின் தெற்கே, மேக்கொங் ஆறு கிளை பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகம். கீழ்ப்பகுதிக் கெமர்கள், அவ்வளவுதான் பெயருக்கு அர்த்தம். இன்றைக்குச் சைகோன் இருக்கும் இடம் ஒரு காலத்தில் பிரேய் நோகோர் என்ற கெமர் ஊர். வியட்நாமியர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் இறங்கி வந்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்து கொச்சின்சீனா என்று பெயர் வைத்து ஆண்டார்கள். 1949 ஜூன் 4-ஆம் தேதி பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு அந்தப் பகுதியை வியட்நாமோடு சேர்த்துவிட்டது. அங்கே இருந்த கெமர் விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. இங்கே கெமர் குரோம் விகாரைகளில் அந்தத் தேதிக்கு இன்னும் நினைவுச் சடங்கு நடக்கிறது.

வியட்நாமின் 2019 கணக்கெடுப்பில் அங்குள்ள கெமர்கள் சுமார் 13 லட்சம். பெரும்பாலோர் நெல் விவசாயிகள். திரா வின், சோக் திராங், அன் ஜியாங் பக்கம் போனால் வயல் வரப்பெல்லாம் பனை நிற்கும். நம் ஊர்ப் பனையேதான், இனம்கூட மாறவில்லை. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிறார்கள்.

அங்கே நிலம் போன விதம் உனக்குத் தெரிந்த கதை மாதிரியே இருக்கும். 1977, 78-இல், அப்போது கம்போடியாவை ஆண்ட போல் பாட்டின் கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டி வந்து ஊர் ஊராக வெட்டின. அன் ஜியாங்கில் பா சூக் என்ற ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். எல்லையோரக் கெமர்களை வியட்நாம் அரசாங்கம் உள்ளே கொண்டுபோய்க் குடியேற்றியது. சண்டை ஓய்ந்து திரும்பிவந்தால் வயலில் வேறு ஆள் உழுதுகொண்டிருக்கிறான். கூட்டுப்பண்ணை, மறுபங்கீடு, கடனுக்கு அடமானம் என்று ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் போயிற்று. நிலம் இல்லாதவன் கூலிக்கு நகரத்துக்குப் போனான். பிக்குகள் வாய் திறந்தபோது, 2007-இல் சோக் திராங்கில், போராடியவர்களைக் காவியைக் கழற்றிச் சிறையில் போட்டார்கள். அப்படியெல்லாம் அலுத்துப்போனவர்களில் ஒரு பகுதி எல்லை தாண்டி, பேச்சும் சாமியும் ஒன்றாக இருக்கும் கம்போடியாவுக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் உன் கேள்வி வருகிறது. கம்போடிய அரசாங்கத்தின் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "கெமர் குரோம் மக்கள் எங்கள் குடிமக்கள்." மேடையில் கண்ணீர்கூட விடுவார்கள். ஆனால் அதைக் கீழே கிராம அலுவலகத்தில் நடைமுறைப்படுத்தும் தெளிவான விதி கிடையாது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாத கதை. இந்தப் பேச்சால் இன்னொரு கஷ்டமும் உண்டு. வியட்நாமில் துன்புறுத்தல் தாங்காமல் வந்தவன் அகதி என்று பதியப் போனால், "நீதான் இந்நாட்டுக் குடிமகன் ஆயிற்றே, குடிமகன் எப்படி அகதியாக முடியும்?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். குடிமகன் என்று அட்டை கேட்டால், "நீ வியட்நாமில் பிறந்தவன்" என்கிறார்கள்.

அட்டை வாங்கும் படிக்கட்டைச் சொல்கிறேன், கேள். முதலில் கிராமத் தலைவர் கையெழுத்து. அதைக் கொண்டுபோய் வசிப்பிடப் புத்தகம், அப்புறம் குடும்பப் புத்தகம், பிறப்புச் சான்று, கடைசியில் அடையாள அட்டை. வசிப்பிடப் புத்தகத்துக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் எந்த ஏழைக்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கிறார்? அடையாறு பக்கம் ரேஷன் கார்டு முகவரி மாற்ற நீ ஒருத்தருக்கு அலைந்துகொடுத்தது நினைவிருக்கிறதா, அதேதான். வழியில் ஆங்காங்கே டீ செலவும் உண்டு.

இதையெல்லாம் எந்த ஏழையும் படுகிறான். கெமர் குரோமுக்கு மட்டும் வருவது வேறு. தாச், சோன், கிம், லாம் என்றெல்லாம் அவர்களுக்குக் குடும்பப் பெயர்கள் உண்டு, வியட்நாம் அரசர்கள் காலத்தில் பதிவேட்டுக்காகச் சுமத்தியவை. அந்தப் பெயரைப் பார்த்ததும் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். உச்சரிப்பிலும் கழிமுகத்து வாடை அடிக்கும். பிறகு மெதுவாக ஒரு யோசனை சொல்வார்: பெயரை மாற்றிக்கொள், பிறந்த ஊரைக் கம்போடியாவிலேயே உள்ள தாக்கேவ் என்றோ கம்போட் என்றோ எழுதிவிடு, வேலை முடிந்துவிடும். நிறையப் பேர் அப்படித்தான் அட்டை வாங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அதன் வட்டியை நீதான் சரியாகக் கணக்குப் போடுவாய். அப்பா தாக்கேவில் பிறந்ததாக அட்டை, அண்ணன் திரா வின்னில் பிறந்ததாக வியட்நாம் தாள், இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். நாளைக்கு வாரிசு என்று எதைக் காட்டுவது? பொய்ச் சான்று என்று எவனாவது புகார் கொடுத்தால் மொத்தமும் கையை விட்டுப் போகும். 2017-இல் இங்கே ஒரு பெரிய ஆவணச் சோதனை நடந்தது. சுமார் 70,000 பேரின் தாள்கள் முறையற்றவை என்று சொன்னார்கள், பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அது ஒருபுறம் இருக்க, 2025 ஆகஸ்டில் குடியுரிமையையே பறிக்க வழிவைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அரசியல் எதிரிகளைக் குறிவைத்தது என்கிறார்கள். இருக்கலாம். தாளில் ஒரு பொய் இருக்கிறவனுக்கு அந்த விளக்கம் தூக்கம் தராது.

இன்னொரு வேடிக்கை. 2025 ஜூலையில் வியட்நாம் தன் மாகாணங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டது. திரா வின் போய் வின் லாங்கோடு சேர்ந்தது, சோக் திராங் கான் தோவுக்குள் போயிற்று. உண்மையான பிறந்த ஊரை எழுத வேண்டும் என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மாகாணத்தின் பெயரே வரைபடத்தில் இல்லை.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. திம் சாகோர்ன் என்ற பிக்கு தாக்கேவில் ஒரு விகாரையின் தலைவராக இருந்தவர். கெமர் குரோம். 2007 ஜூனில் இங்கேயே அவருடைய காவியைக் கழற்றினார்கள், பிறகு ஆள் வியட்நாம் சிறையில் இருந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு எதற்கு வம்பு என்று சாதாரண ஜனங்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அட்டைக்கு மனு எழுத நாங்கள் போனால், "இதனால் எங்கள் பெயர் எங்கேயாவது பட்டியலில் ஏறிவிடுமா?" என்பதுதான் முதல் கேள்வி.

அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆள் எடுக்கும் இடத்தில் அட்டை கேட்பார்கள். சித்தி மகளின் அட்டையைக் கொண்டுவந்து ஒரு பெண் வேலையில் சேருவாள். சம்பளக் கணக்கு சித்தி மகள் பெயரில், சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டும் பணமும் அந்தப் பெயரில். ஊசி விரலைத் துளைத்தால் அடிபட்டது யார்? காகிதப்படி அடிபட்டவள் ஊரில் கோழி மேய்த்துக்கொண்டிருப்பாள். சிம் கார்டு, வங்கி, ஓட்டு, வழக்கு எல்லாமே இப்படித்தான். 

நிலத்துக்கு வருகிறேன், இது உன் துறை. 1975-இல் கெமர் ரூஜ் தனிச்சொத்தையே ஒழித்து, பதிவேடுகளையும் அழித்தது. நாடு முழுக்க எவனிடமும் பத்திரம் இல்லை. நினைத்துப் பார், ஒரு நாட்டின் எல்லாச் சிட்டாவும் அடங்கலும் ஒரே அடியில் காலி. 1989-இல் தனிச்சொத்து திரும்பியது, 2001-இல் புது நிலச்சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-க்கு முன்பே அனுபவம் தொடங்கி, ஐந்து வருஷம் தகராறு இல்லாமல் வைத்திருந்தவனுக்குப் பட்டா கேட்கும் உரிமை உண்டு. அந்தத் தேதிக்கு அப்புறம் வந்து குடிசை போட்டவனுக்கு அனுபவ உரிமையே கிடையாது. 2007-க்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே. வாங்கலாம் என்றாலும் அரசியல் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, குடிமகனுக்குத்தான் நிலம் என்கிறது. ஏழைகளுக்கு அரசாங்கம் மனை ஒதுக்கும் திட்டம் ஒன்று 2003 முதல் இருக்கிறது, நம் ஊர் இலவச மனைப்பட்டா மாதிரி. அதற்கும் மனு போட அட்டை வேண்டும்.

அதனால் எங்கே இருக்கிறார்கள் என்றால், கால்வாய்க் கரையில், ரயில் பாதை ஓரத்தில், விகாரை நிலத்தில். இங்கே ஸ்துங் மீன்சே பக்கம் சாமாக்கி ரைன்ஸி என்று ஒரு விகாரை இருக்கிறது, கெமர் குரோம் பிக்குகளுடையது. எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு அதுதான் சத்திரம். பிக்குகள் போகச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் தயவு பட்டா ஆகாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பணம். அரிசி வேண்டாம் என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. பண்டிகை நாளில் அரிசி மூட்டையோடு போட்டோ எடுத்துக்கொள்ள இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கிராம அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கிழவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஆள் கிடைப்பதில்லை. அதற்குத்தான் காசு வேண்டும். சட்டம் படித்த உள்ளூர்ப் பையனோ பெண்ணோ ஒருவருக்குச் சம்பளம், போய்வரச் செலவு, வேலைக்குப் போகாமல் வரிசையில் நிற்கிறவர்களுக்கு அன்றைய கூலி, வியட்நாமியத் தாள்களைக் கெமரில் பெயர்க்கும் கட்டணம். ரசீது வரும், போட்டோ வராது. வரவும் கூடாது, முகம் வெளியே தெரிந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து. ஒரு வருஷத்தில் எத்தனை அட்டை வாங்கித் தருவீர்கள் என்று நம் ஆட்கள் கேட்பார்கள். எண்ணிக்கை எதையும் வாக்குக் கொடுக்காதே.

குழந்தைகளை முதலில் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். இங்கே பிறந்த பிள்ளைக்கு உண்மையான அப்பா அம்மா பெயரோடு பிறப்புச் சான்று வாங்கிவிட்டால், அடுத்த தலைமுறையாவது பொய் இல்லாமல் ஆரம்பிக்கும். பெரியவர்கள் விஷயம் இழுக்கும்.

இதில் எனக்கும் குழுவில் ஒருவருக்கும் ஒரு தகராறு, நீயே தீர்ப்புச் சொல். "இவர்கள் நம் ரத்தம், வியட்நாமியர்கள் அல்ல" என்றுதான் மனுவில் எழுத வேண்டும், அப்போதுதான் அதிகாரி இளகுவார் என்கிறார் அவர். இளகுவார், உண்மைதான். எனக்குப் பிடிக்கவில்லை. தோன்லே சாப் ஏரியில் மிதக்கும் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வியட்நாமியர்களுக்கும் தாள் கிடையாது, கரையில் நிலமும் கிடையாது. அவர்களுக்காக மேடையில் அழவும் ஆளில்லை. ஒருத்தன் ரத்தத்தைச் சொல்லிக் கதவைத் திறக்கவைத்தால் மற்றவனுக்கு அதே கதவு இன்னும் இறுகும். தவிர, போல் பாட் ஆட்கள் கெமர் குரோம் மக்களைக் கொன்றதே "உடம்பு கெமர், தலை வியட்நாம்" என்று சொல்லித்தான். ரத்தத்தை அளக்கும் பேச்சு எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அரசாங்கமே குடிமக்கள் என்று சொல்லியிருக்கிறது, சொன்னதை எழுத்தில் கொடு என்று மட்டும் கேட்போம் என்பது என் கட்சி. அவரோ, "உங்களுக்கு இந்த ஊர் அலுவலகம் தெரியாது" என்கிறார். அதுவும் நிஜம்தான்.

உன்னிடம் பணத்தைவிட ஒரு உபகாரம் வேண்டும். தாள் எதுவுமே இல்லாதவருக்கு அக்கம்பக்கத்தாரை விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, வசிப்பிடத்தை உறுதி செய்வாயே, அந்த விசாரணைக்கு நீ என்னென்ன கேள்வி கேட்பாய்? பழைய மாதிரிப் படிவம் ஏதாவது உன் இரும்புப் பெட்டியில் கிடந்தால் அனுப்பு. இங்கே நாங்கள் எடுக்கும் சாட்சி வாக்குமூலம் வழவழவென்று மூன்று பக்கம் போகிறது, எழுத்தர் படிக்காமலே தள்ளிவிடுகிறார். ஒரே பக்கத்தில், தேதியும் சாட்சியும் பிசகாமல் நிற்கும்படி எழுத உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நம் செட்டில் எல்லோரும் ரசீது விஷயத்துக்குச் சம்மதித்தால் மட்டும் பணம் அனுப்பு. யாராவது அரிசிதான் என்று நின்றால் அவர் பங்கை உன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடு, சண்டை வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம். உனக்கு இங்கத்துப் பனைவெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். படிவத்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்