இரண்டாவது மூக்குக்கு ஒரு பொது நிதி

அன்புடையீர், வணக்கம்.

புற்றுநோய் அறுவையில் மூக்கையோ காதையோ கண்ணையோ இழந்தவர்களுக்குச் சிலிக்கோனில் செய்த செயற்கை உறுப்பைப் பொருத்துவதுண்டு. உயிர் பிழைத்த நிம்மதியில் உறவும் நட்பும் சேர்ந்து முதல் உறுப்புக்கு எப்படியோ பணம் புரட்டிவிடுகிறார்கள். சிக்கல் அப்புறம்தான். சிலிக்கோன் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளே தாங்கும். வெயிலில் நிறம் வெளுக்கும்; தினமும் ஒட்டி உரிப்பதில் மெல்லிய ஓரம் கிழியும். மறுபடியும் யாரிடம் போய்க் கேட்பது? வெளுத்துப்போன மூக்கோடு வேலைக்குப் போகக் கூசி வீட்டிலேயே முடங்குகிறவர்கள் உண்டு. அந்த இரண்டாவது, மூன்றாவது உறுப்புக்காகத்தான் நிதி திரட்டுகிறோம்.

"அழகுக்குத்தானே?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூக்கு இல்லாவிட்டால் உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டும். காது இல்லாவிட்டால் கண்ணாடி நிற்காது. மேலண்ணத்தை எடுத்தவர் அதை மூடும் தகடு இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வரும், பேச்சும் புரியாது. அழகுக்காகவே என்றாலும் தவறில்லை என்பது எங்கள் கட்சி.

ஒவ்வொரு உறுப்பும் கைவேலை. முகத்தில் அச்சு எடுத்து, மெழுகில் வடித்து, ஆளை எதிரே உட்காரவைத்துத் தோலின் நிறத்தை அடுக்கடுக்காகக் கலக்க வேண்டும். நிதியின் பெரும்பகுதி இதற்குப் போகும். அடுத்தது, தினமும் தேவைப்படும் பசையும் அதை நீக்கும் திரவமும். மிச்சம் பிடிக்கக் கண்ட பசையைத் தடவினால், கதிர்வீச்சு பட்ட தோல் புண்ணாகிவிடலாம். எலும்பில் டைட்டானியம் பதித்துக் காந்தத்தால் பிடிக்கவைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் அது நிலைப்பது கடினம், செலவும் அதிகம். இப்போதைக்கு அதை நாங்கள் எடுக்கவில்லை.

பணத்தால் மட்டும் தீராதது ஒன்றும் உண்டு. இமையோடு சேர்த்துச் செய்த செயற்கைக் கண் இமைக்காது. எதிரே இருப்பவர் பார்வையை விலக்கிக்கொள்வார். ஒற்றைக் கண்ணோடு படியிறங்குவதையும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதையும் புதிதாகப் பழக வேண்டும். தோலுக்கு ஓய்வு தர இரவில் உறுப்பைக் கழற்றி வைக்க வேண்டும். தெருவைவிட, அந்த நேரத்தில் கணவன் அல்லது மனைவி முன்னால் இருப்பதுதான் பலருக்குப் பெரிய சோதனை. இதையெல்லாம் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதி பயம் போய்விடும். அப்படிப் பேச முன்வருபவர்களின் பயணச் செலவையும் இந்த நிதியே ஏற்கும். உறுப்பே வேண்டாம், துணிப்பட்டை போதும் என்பவர்களுக்கு அதை வாங்கித் தருவோம். வற்புறுத்த மாட்டோம்.

பயனாளிகளின் 'முன்–பின்' படங்களை யார் கேட்டாலும் தருவதற்கில்லை. அதனால் சில நன்கொடைகள் வராமல் போகலாம், சரி, போகட்டும். வரவு செலவுக் கணக்கை மட்டும் ஆண்டுதோறும் கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம்.

தேவை திரும்பத் திரும்ப வருவதால், ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட மாதாமாதம் சிறு தொகை தருவது எங்களுக்கு அதிகம் உதவும். பயன்படுத்திய உறுப்புகளை அனுப்ப வேண்டாம். ஒருவர் முகத்துக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. பெயர் வெளியிட விரும்பாதவர்கள் பணம் அனுப்பும்போதே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்