விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து நடக்கும் பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறோம். விளையாட்டு நேரத்திலும் வெளியே விடாமல் உட்கார்ந்து எழுதச் சொல்கிறோம். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளைக்கு இரண்டுமே கேடு. ஓடியாடிவிட்டு வந்தால்தான் அடுத்த பாடவேளையில் கொஞ்சமாவது தரிப்பான்.

கரும்பலகையைப் பார்த்து அவன் எழுதுவதைக் கவனியுங்கள். பலகையில் 'வண்டியூர் தெப்பக்குளம்' என்று இருக்கிறது. 'வண்டி' வரை மனதில் பிடித்துக்கொண்டு குனிகிறான். எழுதி நிமிர்வதற்குள் எந்த வரி என்பது நழுவிவிடுகிறது. தேடும்போதே பக்கத்துப் பையனின் ரப்பர் கண்ணில் பட்டுவிடும். திமிர் இல்லை இது. படித்ததைச் சற்று நேரம் மனதில் நிறுத்துவதுதான் அவனுக்குச் சிரமம். அதே வரிகளை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வைத்தால் பாதித் தொல்லை தீரும். பத்துக் கணக்கு என்றால் தாளை மடித்து மூன்று மட்டும் தெரியக் கொடுங்கள். முடித்ததும் எழுந்து வந்து காட்டட்டும். நடக்கவும் ஒரு சாக்கு.

முதல் வரிசையில் உட்கார வைக்கலாம், சாலைப் பக்கச் சன்னலும் வாசலும் ஒட்டி இல்லாமல். "நோட்டை எடு" என்று சொல்லி, எடுத்த பிறகே "தேதி போடு" என்க வேண்டும்.

முடித்த வேலைக்கு ஒரு புளியங்கொட்டை என்று டப்பாவில் போட்டு, ஐந்து சேர்ந்தால் பரிசாகப் பலகை அழிக்கும் வேலை தரலாம். செலவில்லாத முறை. பலர் இரண்டே வாரத்தில் 'பலனில்லை' என்று கைவிடுகிறார்கள். காரணம், பரிசை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருப்பார்கள். ஆறு வயதுக்கு வெள்ளிக்கிழமை அடுத்த வருஷம் மாதிரி. அல்லது சேட்டை செய்ததும் சேர்த்த கொட்டையைத் திரும்பப் பிடுங்கியிருப்பார்கள்.

சேட்டைக்காரர் எல்லாருக்கும் ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டவும் கூடாது. வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். சத்தமே போடாமல் சன்னலைப் பார்த்திருக்கும் பெண் பிள்ளைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவிலோ காட்டலாம். ஆறு வயதுக்குக் கீழே முதலில் தருவது மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. விளையாட்டுப் பாடவேளையைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது என்று மாவட்டக் கல்வி அலுவலகம் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

– சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர், திருமங்கலம்